கழுத்து அழுக்கு

"பழையபடி அழுக்காக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க ரூடி."

லோர்னா கிதார் பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். பேக்கர்ஸ்ஃபீல்டில் எலெக்ட்ரிக் கிதாருக்கு உடம்பு சரியில்லை என்றால் எல்லோரும் ஓடி வருவது ரூடியின் பட்டறைக்குத்தான். எட்டிப் பார்த்த ரூடி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கிதாரின் கழுத்து, கடையிலிருந்து இப்போதுதான் வாங்கிய பூரிக்கட்டை போல வெளுத்துக் கிடந்தது.

"என்னம்மா பண்ணித் தொலைச்சீங்க?"

"எங்க வீட்டுக்காரர் க்ளென் மீன் பிடிக்க ஏரிக்குப் போயிருக்கார். வந்து பார்த்து அசந்து போகட்டும்னு சுத்தம் பண்ணினேன். விரல் வைக்கற இடமெல்லாம் ஒரே கறுப்பு. முதல்ல சோப்புத் தண்ணி போட்டேன், போகலை. அப்புறம் இரும்பு நார். அப்புறம் உப்புத்தாள்."

"உப்புத்தாளா?" ரூடி கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்புறம்தான் போன்ல கேட்டேன், கிதார் அழுக்கா இருக்கே, துடைக்கட்டுமான்னு. ஐயோ, தொட்டுடாதே, ஐம்பத்தாறாம் வருஷத்துக் கிதார், அந்த அழுக்குலதான் அதோட உசிரே இருக்குன்னு கத்தறார்."

"பின்னே? இதுல கழுத்தும் விரல்பலகையும் ஒரே மேப்பிள் கட்டை. தனிப் பலகை ஒட்டறதில்லை. கட்டைமேலயே லாக்கர் வார்னிஷ். அது தேய்ஞ்சு, வியர்வை உள்ளே இறங்கி, விரல் படற இடம் மட்டும் கறுக்கணும். அந்தக் கறுப்பை வரவழைக்க மனுஷன் என்ன பாடு படணும் தெரியுமா? ஒரே மத்தியானத்துல துடைச்சு எறிஞ்சுட்டீங்களே." ரூடிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னொண்ணு" என்றாள் லோர்னா, தயங்கித் தயங்கி. "பின்பக்கம் நீளமா ஒரு கறுப்புக் கோடு. அரை மணி நேரம் தேய்ச்சேன், அது மட்டும் போகவே மாட்டேங்குது."

"எப்படிப் போகும்? கழுத்து வளையாம இருக்க, பின்னால குழி வெட்டி இரும்புக் கம்பி வச்சு, வால்நட் கட்டையால மூடியிருக்கு. அது கறை இல்லம்மா. மரம்."

லோர்னா மூக்கைச் சிந்தினாள். "மூணு வருஷம் முன்னாடி டெக்சாஸ்ல ஒரு பாட்டுக்காரர் வீட்டு ஏலத்துல ஆசை ஆசையா எடுத்தார். வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் உட்கார வச்சு அந்தக் கறுப்பைத்தான் காட்டுவார். முப்பது வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை அந்த மனுஷன். ஞாயித்துக்கிழமை எந்த முகத்தோட அவர் முன்னாடி நிப்பேன்? போட்டோகூட இல்லையே."

"போட்டோ வேண்டாம். சனிக்கிழமை வாங்க."

இரண்டு நாள் ரூடி வேறு வேலையைத் தொடவில்லை. லாக்கர் அடித்தார், சுரண்டினார், தேயிலைச் சாயமும் ஷூ பாலிஷும் குழைத்துப் பூசினார், பழைய ஜீன்ஸ் துணியால் தேய் தேய் என்று தேய்த்தார். போன வருடம் பட்டறையில் சேர்ந்த தங்கை கிராசியேலா, அண்ணனுக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்றே முடிவு கட்டினாள்.

சனிக்கிழமை லோர்னா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முன்னே ஒரு நகக்குறி இருந்துதே, அதுகூட அதே இடத்துல இருக்கே. பார்க்காமலே எப்படி ரூடி?"

"தொழில்மா."

கூலியை நீட்டினாள். ரூடி கையால் தடுத்துவிட்டார். அவருக்கு நூறு தடவை நன்றி சொல்லிவிட்டு லோர்னா காரில் ஏறிப் போனாள்.

கிராசியேலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதுகு ஒடிய உழைச்சுட்டு ஓசியில அனுப்பறியே. நீ என்ன பெரிய தர்மப்பிரபுவா?"

"என்ன பண்ணச் சொல்றே? மூணு வருஷம் முன்னாடி க்ளென் இதைப் புத்தம் புதுசா கொண்டாந்தப்பவே எழுதிக் கொடுத்துட்டேன்" என்றார் ரூடி. "நான் பண்ற பழசுக்கு அஞ்சு வருஷம் காரண்டி."