அறுக்கக் கூடாத புல்

"நேராவே கேக்குறேன், வெர்லின். அந்தப் புல்லை அறுத்தியா, இல்லையா?"

"அறுத்தேன்."

மாவட்ட விவசாய மானியக் குழுவின் தலைவர் டெல்மர், தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதன் பட்டியில் காய்ந்த ஊதாப் பூக்கதிர் ஒன்று செருகியிருந்தது.

அமெரிக்காவின் கான்சாஸில், கோதுமை விதைக்காமல் நிலத்தைப் புல்லாக விட்டால் அரசாங்கம் வருஷா வருஷம் பணம் தரும். மண் பிழைக்கும், பறவைகள் கூடு கட்டும். அனுமதி இல்லாமல் அறுத்தால் மட்டும், வாங்கியது அத்தனையும் வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும்.

வெர்லின் பத்து வருஷமாக வாங்குகிறார். நிலத்தை விற்றால்தான் கட்ட முடியும்.

"சும்மா இருக்கறதுக்குச் சம்பளம்," என்றார் குழுவில் இன்னொரு விவசாயி ஹார்லன். "அதையும் ஒழுங்கா செய்ய முடியலையாக்கும்!"

சிரிப்பு எழுந்தது. டெல்மர் சிரிக்கவில்லை.

"ஆகஸ்ட் தீயில என் மேய்ச்சல் நிலம் முழுக்கச் சாம்பல். மாடு அத்தனையும் ஏலத்துக்கு ஓட்ட இருந்தேன். பக்கத்து மாநிலம் நெப்ராஸ்காவிலேருந்து லாரி லாரியாப் புல் வந்துதே, அதுல முகம் தெரியாத எவனோ என் தொழுவத்து வாசல்லயும் இறக்கிட்டுப் போயிருக்கான். பேர்கூடச் சொல்லலை. இந்தப் பூ அந்தப் புல்லுல இருந்ததுதான். அவன் மனுஷன்! நீ? ஊர் எரியறப்ப புல்லை வித்துக் காசு பாத்திருக்கே."

"நான் விக்கலை."

"அப்ப யாருக்குக் கொடுத்தே?"

வெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அனுமதி கேட்டிருக்கலாமே?" என்றாள் அலுவலக எழுத்தர் ட்வைலா.

"கேட்டேனே. மூணு வாரம் ஆகும்னு நீதானம்மா சொன்னே. மாடு அதுவரைக்கும் பட்டினி கிடக்குமா?"

"யார் மாடு?" என்றார் டெல்மர்.

பதிலுக்குக் காத்துப் பார்த்துவிட்டு டெல்மர் கோப்பைத் திறந்தார்.

"சரி, ஓட்டுக்கு விட்டுடறேன். ட்வைலா, அறுக்கறதுக்கு முன்னாடி எடுத்த படத்தைக் காட்டு."

ட்வைலா படத்தை மேஜைமேல் வைத்தாள். இடுப்பளவு புல். அதன் நடுவே, வேலிவரைக்கும் ஊதாக் கதிர்கள்.

"இது என்ன பூ? அரசாங்கம் கொடுத்த விதையில இது கிடையாதே," என்றார் ஹார்லன்.

"லொரேட்டா போட்டது." இறந்துபோன மனைவியின் பெயரைச் சொல்லும்போது வெர்லின் குரல் தாழ்ந்தது. "பட்டாம்பூச்சி வரும்னு கலந்து விதைச்சா. அடுத்த வருஷம் அவ இல்லை. பூ மட்டும் வந்துட்டே இருக்கு."

ட்வைலா படத்தைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். ஹார்லனும் பார்த்தார். கடைசியாகத்தான் டெல்மர் பார்த்தார்.

தொப்பியிலிருந்து அந்தக் கதிரை உருவி, படத்தின் பக்கத்தில் வைத்தார்.

"எப்பக் கொண்டுவந்து போட்டே?"

"ஞாயித்துக்கிழமை. நீ சர்ச்சுல பாடிட்டிருந்தப்ப."

"நிலமே போயிடும்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா நீ வாங்கியிருக்க மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா?"

ஹார்லன் பேசாமல் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

டெல்மர் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்து, வெர்லின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுதிக்கோ, ட்வைலா. அந்தப் புல்லைத் தின்னது என் மாடுங்க. அபராதம் உண்டுன்னா, என் பேருக்கு அனுப்பு."