ஆட்சேபணை இல்லை

இதை முதலில் என்னிடம் சொன்னவள் பக்கத்து வீட்டு ஹிஃப்ஸா. போன நோன்பில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, கஞ்சிக்குப் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய வாப்பா செய்கு அலாவுதீனைத் துபாயில் தேரா பக்கம் பலருக்குத் தெரியும். மசாலாக் கடைக்காரர். நல்ல மனுஷர்தான், கொஞ்சம் வீம்பு.

நோன்புக்கு முன்னால் ஒரு நாள் காயல்பட்டினத்திலிருந்து அவருடைய வாப்பா போன் செய்தார்.

"நம்ம தோப்புக் காவல் துப்பாக்கியை உன் தங்கச்சி மாப்பிள்ளை நுஃமான் பேருக்கு மாத்தலாம்னு இருக்கேன். பிள்ளைங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணுமாம். நீ அங்கே கான்சுலேட்ல ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புப்பா."

"நுஃமானுக்கா? பெங்களூருக்கா? வேற மாநிலமாச்சே!"

"எல்லாம் சட்டப்படிதான். எனக்கு எழுபது தாண்டிட்டு. கலெக்டர் ஆபீஸ்ல கேட்டாச்சு. அந்த ஊர் போலீஸ் அவனை விசாரிச்சு லைசன்ஸ் கொடுத்த பிறகுதான் துப்பாக்கி போகும்."

"உங்க பேரன், என் மகன் ஆரிப் இருக்கானே வாப்பா?"

"அவன் துபாய்ல இருக்கான். ஊர்ல இல்லாத ஆளுக்கு யார் லைசன்ஸ் தருவா? ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் இதைத் தூக்கிட்டுப் போய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு, திரும்ப வாங்கி... எனக்கு முடியலைப்பா."

"பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார்.

மனைவி மதீனா பீவியிடம்தான் பொரிந்து தள்ளினார்.

"என் பாட்டனார் கையில் இருந்த ரெட்டைக்குழல்! அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போகுதாம். பெங்களூர்ல எதைச் சுடப் போறான்? கொசுவையா?"

"ஒரு கையெழுத்துதானே. போட்டுடுங்களேன்."

"நீ சும்மா இரு. இங்கே நம்ம ஆரிப்போட ஒரே ஆபீஸ்ல நல்ல வேலை. வெயில் ஒத்துக்கலை, கலாஸ், போதும்னு சொல்லி விட்டுட்டு ஓடினவன் அவன். பொண்டாட்டி முந்தானையை விட்டு இருக்க முடியலை. அவனுக்குத் துப்பாக்கி ஒரு கேடா?"

மறுநாள் தங்கை சப்ரீனாவே பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்பாள்.

"காக்கா, வாப்பாவைக் கோவிச்சுக்காதீங்க. கேட்டது நான்தான். எங்க வீட்டுக்காரருக்கு இங்கே வேலை ஒண்ணும் சரியா அமையலை. பேங்குக்குப் பணம் கொண்டு போற வண்டியில காவல் வேலை இருக்காம். சொந்தத் துப்பாக்கி, லைசன்ஸ் இருக்கிற ஆளாத்தான் தேடுறாங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கிறோம்னு சொல்லியிருக்காங்க."

"வாட்ச்மேன் வேலைக்கா? எங்க வீட்டு மாப்பிள்ளை தோள்ல துப்பாக்கியை மாட்டிக்கிட்டுப் பணவண்டி வாசல்ல நிக்கவா? ஊர்ல என் முகத்தை எங்கே வச்சுக்கிறது? இங்கே ஏசி ரூம்ல உட்கார்ந்து பார்த்த வேலை கசந்துச்சோ?"



"சரி காக்கா. உடம்பைப் பார்த்துக்குங்க. மதீனா ராத்தாவுக்கு ஸலாம் சொல்லுங்க."

அவ்வளவுதான். அவள் கொஞ்சம் அழுதிருந்தாலாவது மனசு இளகியிருக்கும் என்று பிறகு மனைவியிடம் சொன்னாராம்.

கான்சுலேட் பக்கமே அவர் போகவில்லை. வாப்பா கேட்கும்போதெல்லாம் "கடையில் ஆள் இல்லை", "நாளைக்கு" என்று நாளைக் கடத்தினார். நோன்பும் வந்துவிட்டது.

தலை நோன்பன்று வாப்பாவே மறுபடி கூப்பிட்டார்.

"இனி கையெழுத்து வேண்டாம்பா. துப்பாக்கியையும் லைசன்ஸையும் அரசாங்கத்துக்கிட்டயே ஒப்படைச்சுட்டேன்."

"ஒரேயடியாவா?"

"ஒரேயடியாத்தான். அந்த வேலைக்கும் வேற ஆள் போட்டுட்டாங்க. 'காக்காவுக்கு மனசில்லைன்னா எனக்கு வேணாம் மாமா'ன்னு நுஃமான் சொல்லிட்டான். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. மகனுக்கும் மருமகனுக்கும் நடுவுல ஒரு இரும்பு எதுக்கு?"

செய்கு அலாவுதீனுக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. இருந்தாலும், கவுரவம் பிழைத்தது என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஆரிப்பின் ஆபீஸ் மேனேஜர் மஹ்மூது வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"காக்கா, நுஃமான் எப்படி இருக்கான்? எங்கேயாவது வேலை அமைஞ்சுதா?"

"அவன் கதையை ஏன் கேக்குறீங்க? வேலை செய்ய உடம்பு வளையாதவன். அதனாலதானே விட்டுட்டு ஓடினான்!"

மஹ்மூது அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓடினானா? யார் சொன்னது?"

"அவனே சொன்னான்."

"அப்படித்தான் சொல்லியிருப்பான். காக்கா, ஆபீஸ்ல ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லி முதலாளி உத்தரவு. கடைசியாச் சேர்ந்த ஆள் போகணும்னு முடிவாச்சு. கடைசியாச் சேர்ந்தது உங்க மகன்."

"ஆரிப்பா?"

"ஆரிப்தான். நுஃமான் என் ரூமுக்கு வந்தான். 'பையனுக்கு இப்பத்தான் நிக்காஹ் பேசி முடிச்சிருக்கு. வேலை போச்சுன்னா பொண்ணு வீட்டார் பின்வாங்கிடுவாங்க. நான் போறேன், அவன் இருக்கட்டும்'னான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான். ஆரிப்புக்கே தெரியாது. நீங்க அவனைப் பழிக்கிறதைக் கேட்டுட்டு என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை. அல்லாஹ் என்னை மன்னிக்கணும்."

செய்கு அலாவுதீன் அன்று கடை திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுத் தொழுகைப் பாயில் உட்கார்ந்தவர், நோன்பு திறக்கப் பாங்கு சொல்லியும் பேரீச்சம்பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தாராம். பெங்களூருக்குப் போன் போட எடுப்பாராம், வைத்துவிடுவாராம்.

ஹிஃப்ஸா பூண்டுத் தோலை ஒதுக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமி, உங்க தம்பி பெங்களூர்லதானே கடை வச்சிருக்காங்க? எங்க நுஃமான் மாமாவுக்கு ஏதாவது ஒரு வேலை போட்டுத் தரச் சொல்லுங்களேன். வாப்பாதான் உங்ககிட்டக் கேக்கச் சொன்னாங்க. அவங்க கேட்டது மட்டும் மாமாவுக்குத் தெரிய வேணாமாம்."