உட்காராத மனுஷன்

"பக்கத்துல இடம் காலியாத்தானே இருக்கு? வந்து உட்காருங்களேன்."

"பரவால்லை. நீ உட்காரு."

தையல்காரர் வழக்கம்போல ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அந்த கைரோபிராக்டிக் கிளினிக்கின் வரவேற்பறையில் ஒன்பது நாற்காலிகள். ஆறு காலி.

எதிரே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாள் ஊசியை நிறுத்தினாள்.

"ஏம்மா, வீட்டுக்காரருக்கு உங்க மேல கோபமா? நானும் நாலு வாரமாப் பார்க்கறேன், ஒரு நாளாவது உங்க பக்கத்துல உட்கார்ந்தாரா மனுஷன்?"

"அவருக்கு நிக்கிறதுதான் பழக்கம்."

சிரித்து மழுப்பினாள் அவர் மனைவி. சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

பழக்கமாவது ஒன்றாவது! இருபது வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே பிழைத்தவர். சாப்பிடும்போது அவள் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் சோறு இறங்கும். பஸ்ஸில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல இடம் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். "உங்க ரெண்டு பேரையும் எந்த நூல் போட்டுத் தைச்சாங்க?" என்று அவள் தங்கைகூடக் கேலி செய்வாள்.

எல்லாம் போன வருஷத்தோடு சரி.

மழையில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கால் முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் நடை நேராகவில்லை. விந்தி விந்தி நடந்ததில் இடுப்பும் பிடித்துக்கொண்டது. அதற்குத்தான் இந்த வைத்தியம். மாத்திரை, ஊசி கிடையாது. டாக்டரம்மா கையாலேயே முதுகெலும்பை அழுத்தித் திருப்பிச் சரிசெய்வார்.

இடுப்பு இப்போது எவ்வளவோ தேவலை. அவர்தான் தள்ளித் தள்ளிப் போனார். நின்றுகொண்டே சாப்பாடு. நின்றுகொண்டே டிவி. கடையில் தைப்பதற்கு ஆள் போட்டுவிட்டு, துணி வெட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டார். ஆளில்லாத பஸ்ஸிலும் அவளை உட்காரவைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி நிற்பார்.

'விந்தி நடக்கறவ பக்கத்துல உட்கார வெட்கமா இருக்கோ?'

கேட்டுவிடலாம். 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்திலேயே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பழையபடி வந்து ஒட்டி உட்கார்ந்தால் போதும்.

அவள் முறை வந்தது. உள்ளே போய் மேஜையில் குப்புறப் படுத்தாள். திரைக்கு அந்தப் பக்கம், ஒரு லாரி டிரைவரிடம் டாக்டரம்மா பேசுவது காதில் விழுந்தது.

"இதுக்குப் பேர் சியாட்டிகா. முதுகுக்கு அடியில கிளம்பி, பின்புறம் வழியா பாதம் வரைக்கும் ஓடற பெரிய நரம்பு ஒண்ணு இருக்கு. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு பிதுங்கி அதை அழுத்தினா, இடுப்புல பத்தின நெருப்பு குதிகால் வரைக்கும் இறங்கும்."

"அதேதான் டாக்டர்! நின்னா, நடந்தாக்கூடப் பொறுத்துக்கலாம். உட்கார்ந்தா உயிர் போகுது."

"நிறைய பேருக்கு அப்படித்தான். தும்மினாக்கூட சுரீர்னு இழுக்குமே?"

அவள் தலையைத் தூக்கினாள். தும்மல் வந்தால் அவர் ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்வார். காலையில் செருப்பு மாட்ட அரை நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு குனிவார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பார்த்து என்ன புண்ணியம்?

எழுந்தாள். விந்தியபடியே வெளியே போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"உள்ளே வாங்க."

"நானா? எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க!"

டாக்டரம்மா அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் இடது காலை மெல்ல உயர்த்தினார். ஒரு முழம்கூட ஏறவில்லை. தையல்காரர் கண்ணில் நீர் முட்டியது.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷமா! கால் மரத்துப் போகுதா? ஒண்ணுக்குப் போறதுல சிரமம் உண்டா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"நல்ல வேளை. இருந்தா இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். ஒரே நாள்ல சரியாகாது, சில வாரம் வரணும். குறையலைன்னா ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்னென்னவோ நினைச்சுட்டேனே..."

"முதல்ல உன் இடுப்பு சரியாகட்டும்னுதான்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"வலி எப்படி ஆரம்பிச்சுது? கனமா ஏதாவது தூக்கினீங்களா?"

"போன மழைக்காலத்துல... கடையில ஒரு மூட்டை தூக்கினேன்."

"போன மழைக்காலத்துல ஏதுங்க கடை?" என்றாள் அவள். "ரெண்டு மாசம் பூட்டிட்டு வீட்டுலதானே இருந்தீங்க?"

தையல்காரர் கூரையைப் பார்த்தார். மனுஷனுக்குப் பொய்யைக்கூட அளவெடுத்துத் தைக்கத் தெரியவில்லை.

அவளுக்கு அந்தப் படிகள் நினைவுக்கு வந்தன. லிஃப்ட் இல்லாத வீட்டில் நாலு மாடி. கட்டுப் போட்ட காலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நாளெல்லாம் அவர் அவளைச் சுமந்தே ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியவர், ஒரு தடவைகூட அவளைக் கீழே இறக்கிவிடவில்லை.

"மூட்டை எத்தனை கிலோ இருக்கும்?" டாக்டரம்மா விடவில்லை.

"பஞ்சு மூட்டைங்க. கனமே கிடையாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அறுபத்தெட்டு கிலோன்னு எழுதிக்குங்க டாக்டர். அந்த மூட்டை நான்தான்."