ராசியான கை

தேயிலைச் சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும் சாயங்காலம். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் முனையில், புதுச் சாயம் பூசிய மளிகைக் கடை வாசலில், காலையில் கட்டிய மாவிலைத் தோரணம் ஈரத்தில் தொங்குகிறது. கடைக்காரி விக்னேஸ்வரி கையை நீட்டி மறிக்க, கோயில் தலைவர் திருச்செல்வம் காரை நிறுத்தவேண்டியதாகிறது. இந்தக் கடைக்கு ரிப்பன் வெட்டியவர் அவர்தான். "நம்ம ஆளுங்க கடையில நாமளே வாங்கலன்னா வேற யாரு வாங்குவா?" என்று காலையில் மைக்கில் அவர் கேட்டபோது லயமே கைதட்டியது. "தலைவரே, இன்னும் போணி ஆவல. ஒங்க கை ராசியான கைன்னு சொல்வாங்க. ஏதாச்சும் ஒண்ணு வாங்கிட்டுப் போங்களேன்." கார்க் கண்ணாடியை இறக்கி அவர் கடையைப் பார்க்கிறார். அலமாரியில் ஓர் அடுக்குகூடக் குலையவில்லை. "சீனி ஒரு பாக்கெட் குடும்மா." அவர் நீட்டிய நோட்டைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுகிறாள். "தூறுது, நீங்க எறங்காதீங்க" என்று அவளே பாக்கெட்டோடு வந்து பின்கதவில் கை வைக்கிறாள். "வேணாம்மா, முன்னாலயே குடு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்துவிடுகிறது. சீட் முழுக்க பிரிஞ்சாங் டவுன் பேரங்காடிப் பைகள். அரிசி, பருப்பு, அதே சீனி. திருச்செல்வத்தின் காது மடல் சுடுகிறது. ஸ்டியரிங்கை விட்டுப் பார்வையை எடுக்க முடியவில்லை. வைப்பர் போய்ப் போய் வருகிறது. பின்னால் பைகளை அவள் ஒவ்வொன்றாக நகர்த்தும் சத்தம் கேட்கிறது. "முட்டைய அடியில வச்சிட்டாங்க தலைவரே, ஒடைஞ்சிடும்லா. எடுத்து மேல வச்சிருக்கேன், பாத்துப் போங்க."