விரலுக்கடியில் வள்ளியக்கா

அமீரகத்தின் அஜ்மானில் ஒரு கிடங்கின் ஷட்டரை வெளியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள். உள்ளே ரகசியமாக ஆடக் கூடிய இலங்கைத் தொழிலாளர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். இவர்களுக்கு முதன்முதலில் ஹவுஸ் என்னும் நடன இசையைக் காட்டி, இதே கிடங்கில் ஒளித்துவைத்து ஆடவிட்ட டிஜே வள்ளிநாயகி போன மாதம் இறந்துபோனார். அவருடைய இசைத்தட்டைச் சஜீவன் ஒற்றை விரலால் அழுத்தி நிறுத்தியிருக்கிறான். அதற்கடியில் டர்ன்டேபிள் சுழன்றுகொண்டே இருக்கிறது. ஷட்டர் இடுக்கில் நுழைந்த வெயில்கீற்றை ஒரு நிழல் மறைக்கிறது. “போலீஸ் எண்டா எல்லாரையும் ஊருக்கு ஏத்திப்போடுவாங்கள். பாட்டைப் போடாதை, சஜீவன்,” என்று கிசுகிசுக்கிறாள் கோசலா. “அக்கா ஒருநாளும் கதவுச் சத்தத்துக்குப் பயந்து நிப்பாட்டினவ இல்லை,” என்று சொல்லி அவன் விரலை எடுக்கிறான். பாட்டின் முதல் தாள அடி நெஞ்சில் வந்து இடிக்கிறது. தட்டும் சத்தம் சட்டென்று நிற்கிறது. பிறகு, வெளியே இருக்கும் கை அதே தாளத்தில் தட்டத் தொடங்குகிறது.