ராஜாவின் ஆழ்மனசு

கிட்டே வாங்க கண்ணுகளா, ஒரு ராஜாவின் மனசுக்கு வைத்தியம் பார்க்கப் போன பெண்ணின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

வேலையிலிருந்து நேராக நாடகத் திடலுக்கு வந்திருந்த ஜெகன், தார்ப்பாய் மறைப்புக்கு வெளியே நின்று சுகிர்தாவை உள்ளே தள்ளாத குறையாகச் சொன்னான். "அப்பா தனியா உக்காந்துனுகிறாரு. கிரீடம் வெச்சாச்சி. போ."

"பயமாக்குது ஜெகன்."

"இப்போ வுட்டா எப்போ? கிரீடம் ஏறிச்சின்னா மேடைக்குப் போற வரிக்கும் வாயத் தொறக்க மாட்டாரு. உன்ன திட்டணும்னாகூட முடியாது."

அது அந்த ஊர் நாடகக்காரர்களின் கட்டுப்பாடு. கிரீடம் வைத்த ராஜா முதல் வார்த்தையைச் சபையில்தான் பேச வேண்டும். அவசரம் என்றால், கழற்றி வைத்துவிட்டுப் பேசலாம்.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து ஊர் அது. பொங்கல் கழிந்ததும் அங்கே ஒரு பழைய சோக நாடகம் நடக்கும். படகோட்டி மகளை விரும்பிய இளவரசனை ராஜா நாடு கடத்துவார். கடைசியில் ஆற்றில் மிதந்து வந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு அழுவார்.

வருஷா வருஷம் ராஜா வேஷம் ஜெகனின் அப்பா துளசிராமனுக்கு. நெல் வயல்காரர், செருப்பே போடாமல் வரப்பில் நடக்கிற பிடிவாதக்காரர். படகோட்டி வேஷம் சுகிர்தாவின் அப்பா அந்தோணிக்கு. இந்த முறை அவருக்கு ஷிப்ட் விழுந்ததால் அது முனுசாமிக்குப் போய்விட்டது. அந்தோணி காலையிலேயே ஷூ மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறியிருந்தார்.

ஜெகனும் சுகிர்தாவும் கல்யாணம் செய்துகொள்வது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் அவள் குடும்பம் துளசிராமன் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். நேராகப் போய்க் கேட்டால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். சென்னையில் மனோதத்துவம் படிக்கிற சுகிர்தாதான் இந்தச் சுற்று வழியைக் கண்டுபிடித்தாள்.

உள்ளே கவிழ்த்த பெயிண்ட் டின் மேல் ராஜா உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிவப்பு அரிதாரம், காதுவரை மீசை, தோளில் கண்ணாடி பதித்த கட்டை. அவளைப் பார்த்ததும் எழப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"வணக்கம் ஐயா. காலேஜ்ல இந்த நாடகத்தத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்துனுகிறேன். ராஜாவோட ஆழ்மனசுல இன்னா இருக்குதுன்னு உங்களாண்ட சொல்லலாமா?"

சொல்லு என்று ராஜா கையைக் காட்டினார்.

"ராஜாவுக்கு மகன் மேல கோவமே இல்லீங்க. தன்னோட அப்பா மேல இருந்த கோவம் அது. சின்ன வயசுல இவரு ஆசப்பட்டத அவரு குடுக்கல. அத உள்ளயே அமுக்கி வெச்சிட்டாரு. இப்போ மகன் ஆசப்படறப்போ பீறிக்கினு வருது."

ராஜா தலையாட்டினார். சுகிர்தாவுக்குத் தைரியம் வந்தது.

"படகோட்டி பொண்ண ராஜா ஒரு தடவகூட நேர்ல பாக்கவே மாட்டாரு, கவனிச்சீங்களா? பாத்தா புடிச்சிடும்னு பயம். சும்மா சும்மா கிரீடத்த தொட்டுப் பாக்கறதும் பயம்தான்."

கிரீடத்தைத் தொடப் போன ராஜாவின் கை பாதியில் இறங்கிவிட்டது.

"ராணி ரெண்டு சீன் தூங்கறாங்களே, அது தூக்கம் இல்லீங்க. புருஷன்கிட்ட காட்ட முடியாத கோவம்."

ராஜா கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினார். கணுக்காலைச் சுற்றி சாக்ஸ் இறுக்கிய தடம் இன்னும் மறையவில்லை. பிறகு துடுப்புப் போடுவதுபோல் கையை அசைத்து, அவன் எப்படி என்று புருவத்தை உயர்த்தினார்.

"படகோட்டியா? அந்தாளுக்கு ஆழ்மனசே கெடையாது ஐயா. பொண்ணு இன்னா சொன்னாலும் சரிம்மான்னுடுவாரு. எங்கப்பா மாதிரி. அவருக்கெல்லாம் கடைசியா சொன்னாப் போதும்."

ராஜாவின் தோள்கட்டை குலுங்கியது. அழுகையை அடக்குகிறார் என்று சுகிர்தா முடிவு கட்டினாள். அவள் படித்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. இனியும் தயங்கக் கூடாது.

"ஐயா, எனக்குச் சுத்தி வளைச்சிப் பேசத் தெரியல. அந்த இளவரசன் உங்க ஜெகன். படகோட்டி பொண்ணு நான். மகன எழந்துட்டு அழுவற ராஜா மேடையோட போவட்டும். ஊட்லயும் வேணாம்ங்க."

வெளியே யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.

ராஜா இரண்டு கையாலும் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஊர்க் கட்டுப்பாட்டையே தனக்காக இறக்கி வைத்துவிட்டாரே என்று சுகிர்தாவுக்குக் கண் நிறைந்தது. வைத்தியம் பலித்துவிட்டது. அவள் கைகூப்பி நின்றாள்.

"துளசிராமன் ஐயாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சின்னு என்னக் கம்பெனிலேர்ந்து கூட்டாந்தாங்க சுகி, கூத்து முடியட்டும், உங்கப்பன் நானே அவராண்ட போயி பேசறேன்."

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் மனசைத் திறக்கும்போது கேட்கிற காது ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும் கண்ணுகளா, வாசலில் பந்தலும் உள்ளே சிரிப்பும் நிறையட்டும்.