ஒரு படி நோட்டு

முற்றுகையில் காகிதம் தீர்ந்துபோகவே, நகராட்சி அச்சகத்தார் போர்முனையிலிருந்து வந்து தபாலில் தேங்கிக் கிடந்த கடிதங்களை நான்காக வெட்டி, எழுதாத பக்கத்தில் ‘ஒரு படி அரிசி’ என்று அச்சடித்து நோட்டாக்கினார்கள். வாரக்கூலியாக வாங்கிய மூன்று நோட்டுகளில் ஒன்றைத் திருப்பிய செல்லக்கிளி, மகனின் கையெழுத்தைக் கண்டாள். “அம்மா, கால் போய்விட்டது. நான்” என்பதோடு வெட்டியிருந்தது. நோட்டுகளெல்லாம் வந்து சேரும் அரிசிக்கடைக்கு ஓடி, அதைக் காட்டினாள். கடைக்காரர் பெட்டியைக் கிளறி, அதே கையெழுத்தில் இன்னொரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

“மூணு நோட்டு குடு.”

“ஒரு படி நோட்டுதானேண்ணே?”

“ஊருக்கு ஒரு படி. உனக்குப் பெத்த புள்ளையாச்சே.”

மூன்றையும் கொடுத்தாள், ‘அம்மா’வும் அதோடு போனது. வாங்கிய துண்டில், “பிழைப்பேனா என்று டாக்டரைக் கேட்டேன். அவர்” என்று இருந்தது.

“மீதி ரெண்டும் இங்கதான் கெடக்கு” என்று கடைக்காரர் பெட்டியைப் பூட்டினார். “அடுத்த கூலி என்னைக்கு?”